இழுக்க மறந்த மூச்சு

எனக்கும் அக்காவுக்கும் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. தோட்டத்தில் எங்கள் வீடு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கட்டடத்தின் பக்கத்தில் இருந்தது. அதனால்தான் என்று அம்மா சொல்வார். உண்மையோ என்னவோ. வயது ஏற ஏற எனக்கு இழுப்பு குறைந்தது. அக்காவுக்குக் குறையவில்லை. மழை, தூசு, சாம்பிராணி, எது வந்தாலும் நெஞ்சு விசிலடிக்கும். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு வருவாள். மூச்சு சரியானதும், தினமும் வாயில் வைத்து இழுக்க வேண்டிய பழுப்பு நிற மருந்து பம்பை ஓரமாகப் போட்டுவிடுவாள். "நல்லாதான்லா இருக்கேன், எதுக்குடி மருந்து?" என்பாள்.

அவளும் அத்தானும் பெம்பானில் இருக்கிறார்கள். நான் கிளேபாங்கில், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடலோரமாக இருக்கும் உம்பாய்க்கு மீன் சாப்பிடப் போனோம். காரில் அக்கா ஒரே கதையை மறுபடி மறுபடி சொன்னாள். அறுபதை நெருங்குகிறாள், இதிலென்ன என்று விட்டுவிட்டேன்.

கடையில் மீன் சுடும் புகை எங்கள் மேசைப் பக்கம் திரும்பியது. அக்கா இருமினாள். தோள்கள் ஏறி இறங்கத் தொடங்கின.

"பம்ப எடு அக்கா," என்றேன்.

கைப்பையிலிருந்து அவசரத்துக்கு இழுக்கும் நீல பம்பை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சென்ட் பாட்டிலைப் போலக் கழுத்தில் வைத்து அமுக்கினாள்.

அத்தான் சிரித்தார். அவள் விளையாடுவதாக நினைத்திருப்பார். நான் அவள் கண்களைப் பார்த்தேன். கையில் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

பம்பைப் பிடுங்கிக் குலுக்கி அவள் வாயில் வைத்து, "இழு அக்கா, உள்ள இழு," என்றேன். அவள் ஊதினாள். உதடு கறுத்துக்கொண்டே வந்தது. என் பையிலிருந்த பம்பை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நானே இழுத்துக் காட்டினேன். குழந்தை பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துப் பார்த்து இழுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானதும் டாக்டரம்மா அவளிடம் இன்று என்ன கிழமை என்று மலாய் மொழியில் கேட்டார். அக்கா சிரித்தபடி அத்தானைக் காட்டினாள். "அவருக்குத் தெரியும்."

வெளியே வந்ததும் நான் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்துமாவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். நீண்ட காலம் ஆஸ்துமா கடுமையாக இருந்தவர்களுக்கு மறதி நோய் கொஞ்சம் கூடுதலாக வருவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். மூளைக்கு ஆக்ஸிஜன் குறைவது, உடம்புக்குள் ஓயாமல் இருக்கும் அழற்சி, கெட்டுப்போகும் தூக்கம், எதுவும் காரணமாக இருக்கலாம். இதனால்தான் அது வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வேறு காரணம் இருக்கிறதா என்று ரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும் என்றார்.

எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் மறதி நோய்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் பயம் எனக்கு. ஒரு நாள் வகுப்பில், தினமும் பார்க்கும் பிள்ளையின் பெயர் வாயில் வரவில்லை. சுண்ணாம்பாய் வெளுத்துப்போய் நின்றேன். "டீச்சர், ஒடம்பு சரியில்லையா?" என்று அவளே கேட்டாள். அந்த வாரமே நானும் போய் ஞாபகப் பரிசோதனை செய்துகொண்டேன். ஒன்றுமில்லை, பழுப்பு பம்பை மட்டும் விடாதீர்கள் என்றார்கள். விடவில்லை. பயமும் விடவில்லை. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது; அது ஆஸ்துமாவா பயமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பெம்பான் போயிருந்தேன். பக்கத்தில் யாரோ குப்பை எரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு இழுப்பு வந்தது. தனக்கு ஆஸ்துமா என்பதே இப்போது அவளுக்கு ஞாபகம் இல்லை. என் கையை இறுகப் பிடித்து, "யாரோ என் நெஞ்சு மேல ஏறி ஒக்காந்திருக்காங்கடி," என்றாள்.

அத்தான் மாஸ்க் பொருத்திய பம்பை அவள் மூக்கோடும் வாயோடும் வைத்தார். தட்டிவிட்டாள். திரும்ப வைத்தார். "ஒண்ணுமில்லமா, காத்துதான்," என்றார். மெல்ல மெல்ல இழுப்பு தணிந்தது. அவள் கண்ணயர்ந்த பிறகு என்னிடம் கேட்டார்:

"நான் கடைக்குப் போயிருக்கிற நேரத்துல இழுப்பு வந்தா?"

குப்பைப் புகை வந்துகொண்டிருந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.