முப்பிடாதி வீட்டு முறை

பால்வாடி டீச்சர் தங்கத்தாய்க்கு நாலு சுவருக்குள் உட்கார்ந்து பாடம் நடத்த வராது. சங்கரன்கோவிலில் துரைப்பாண்டி தன் வீட்டை ஒட்டி வாடகைக்கு விட்டிருந்த அந்த ஒற்றை அறைக்குத் தகரக் கூரை. வெயில் ஏறினால் உள்ளே மனுஷன் இருக்க முடியாது. ஒரு பிள்ளை அழத் தொடங்கினால் எல்லாப் பிள்ளைகளும் கூடவே அழும். எண்பத்து மூன்றாம் வருஷம், பொறுக்கமாட்டாமல் ஒருநாள், "வாங்க மக்கா, தெருவைப் பாத்துட்டு வருவோம்" என்று வெளியே கூட்டி வந்துவிட்டாள். பிறகு அதையே பாடமாக்கிக்கொண்டாள்.

பழைய கிணற்றுக் கயிறு ஒன்றை எடுத்துப் பிள்ளைக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். அவரவர் முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். கருப்பட்டிக் கடை வந்தால் கண்ணை மூடச் சொல்லி, "என்ன வாசனை?" என்பாள். சாயப்பட்டறையில் காயப் போட்ட நூலில் நிறம் படிப்பார்கள். தறிச் சத்தத்துக்குக் காலைத் தட்டுவார்கள். எருமைக்கு எத்தனை கால் என்று எண்ணுவார்கள். எருமை நகர்ந்துவிட்டால் முதலிலிருந்து எண்ணுவார்கள். 'இவளுக்கு வேற சோலி இல்ல' என்று சிரித்த தெரு மெல்லப் பழகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள்தான் ஒன்று செய்தால் இன்னொன்று தோன்றும் பிறவி ஆயிற்றே. தினம் ஒரு பிள்ளையின் முறை என்று வைத்தாள். முறைக்காரப் பிள்ளை கயிற்றின் தலைப்பைப் பிடித்து எல்லாரையும் தன் வீட்டுக்கு வழி காட்டிக் கூட்டிப்போக வேண்டும். வாசலில் நின்று, "எல்லாரும் இருக்கோமா?" என்று கேட்க வேண்டும். "இருக்கோம்" என்று மற்றவை கத்தும். பிறகு அந்த வீட்டுச் செம்பில் எல்லாருக்கும் தண்ணீர். வாயே திறக்காத பிள்ளைகூட அன்றைக்கு ராஜா மாதிரி நடக்கும்.

வரிசையில் அடுத்து யார் என்று பார்த்த அன்றுதான் தங்கத்தாய்க்கு உறைத்தது. முப்பிடாதி. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், காலனிப் பிள்ளை.

அறைக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் சாப்பிட்டன. அது சர்க்கார் உத்தரவு. கதவு சாத்தியிருந்ததால் ஊருக்கும் கண் உறுத்தவில்லை. ஆனால் காலனிக்குள் மேலத்தெருக்காரர் யாரும் கால் வைக்க மாட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் கேட்டருகே நின்று கூப்பிடுவதோடு சரி. அங்கே போய்ச் செம்பில் தண்ணீர் குடிப்பதா? இந்த விளையாட்டைத் தொடங்கும்போது இது அவள் மண்டையில் ஏறவே இல்லை. தன் தெருவுக்குள்ளேயே பிறந்து, தன் தெருவுக்குள்ளேயே வாழ்க்கைப்பட்டவளுக்கு ஊர் என்றால் அந்த நாலு தெருதான்.

அன்றைக்கு முப்பிடாதியைத் தாண்டி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். அந்தக் குட்டி அழவில்லை. காலனியின் மற்ற இரண்டு பிள்ளைகளின் முறையையும் அப்படியே தாண்டினாள். சுற்று முடிந்து மறுசுற்று வந்தபோது முப்பிடாதியைத் திரும்பவும் தாண்டினாள். அப்போதுதான் கேட்டது:

"டீச்சர், எங்க வீட்டுக்கு எப்ப வருவீக?"

"உங்க வீடு தூரம்லாட்டி. கால் வலிக்கும்."

"தூரம் இல்ல டீச்சர். கண்ணை மூடிட்டே வந்திரலாம். மொத கருப்பட்டி வாசனை வரும், பொறவு சாயம், பொறவு கேட்டுகிட்ட ரயில் புகை, பொறவு ஆட்டுப்புழுக்கை. அங்கனதான் எங்க வீடு."

தான் சொல்லிக் கொடுத்த பாடம் அட்சரம் பிசகாமல் திரும்பி வந்ததும் தங்கத்தாய்க்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை முப்பிடாதியின் அம்மா பிச்சம்மாள் தயங்கித் தயங்கிப் பால்வாடி வாசலுக்கு வந்தாள். "டீச்சரம்மா, இன்னைக்கு வருவீகளா? பிள்ளை தினமும் சொல்லுதா. நானும் வாசல் தெளிச்சு, புதுப்பானையில தண்ணி வச்சு, வேலைக்குப் போகாம பாத்துக்கிட்டு இருக்கேன். எந்த நாளுன்னு சொன்னா மத்த நாளு வேலைக்குப் போயிருவேன்."

"நாளைக்கு" என்று தங்கத்தாயின் வாய் சொல்லிவிட்டது.

சாயங்காலத்துக்குள் துரைப்பாண்டிக்கு விஷயம் எட்டியது. "இந்தா பாரு தங்கத்தாயி. உள்ள எல்லாம் ஒண்ணா உக்காந்து திங்குதுக, நான் ஏதாவது கேட்டனா? தெருப்பிள்ளைகளைக் கயித்துல கட்டி அங்கன இழுத்துட்டுப் போனேன்னா, கட்டடத்தைக் காலி பண்ணிரு."

"பிள்ளைகதான அண்ணாச்சி" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் புருஷன் சண்முகையா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளும் இல்லை. "வேலைன்னா போகத்தான் வேணும். ஆனா நம்ம பயலை நாளைக்கு விட்டுட்டுப் போ. நாளப்பின்ன நல்லது பொல்லதுக்குச் சொந்தக்காரன் வாசல் மிதிக்க வேண்டாமா?" என்றார். கயிற்றில் முதல் முடிச்சு அவர்கள் மகன் சங்கரபாண்டியனுடையது. தங்கத்தாய் தட்டைக் கழுவிக்கொண்டே, "சரி" என்றாள். அப்படிச் சொன்னதும் மனசு லேசானதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் முப்பிடாதி தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். கயிற்றுத் தலைப்பைப் பிடித்தவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கருப்பட்டிக் கடைப் பக்கம் ஒரு மாமா வந்து தன் மருமகனைத் தூக்கிக்கொண்டு போனார். சாயப்பட்டறை அருகே இரண்டு தாய்மார் ஓடிவந்து, "ஏ டீச்சர், உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று பிள்ளைகளின் விரலைப் பிரித்தெடுத்தார்கள். கேட்டருகே துரைப்பாண்டியின் ஆட்களே நின்று மிச்சத் தெருப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். தங்கத்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதுகளெல்லாம் மனுஷ ஜென்மமா என்று ஒவ்வொருத்தரையும் மனசுக்குள் ஏசிக்கொண்டே நடந்தாள்.

காலனிக்குள் நுழைந்தபோது கயிறு பாதிக்குமேல் மண்ணில் இழுபட்டது. காலனிப் பிள்ளைகள் இரண்டு பேர், கேட்டுக்கு இந்தப் பக்கம் கடை வைத்திருந்த முகம்மது ஹுசைனின் மகள் ஜன்னத்துல் பிர்தௌஸ், அவ்வளவுதான் மிச்சம்.

பிச்சம்மாள் வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய தம்ளர்கள் ஒரு பலகை நிறையப் பளபளவென்று இருந்தன. வந்த கூட்டத்தைப் பார்த்தாள்.

முப்பிடாதி நிமிர்ந்து நின்று, "எல்லாரும் இருக்கோமா?" என்று கத்தினாள்.

"இருக்கோம்" என்றன மூன்று குரல்கள்.

"இல்ல" என்றாள் முப்பிடாதி. கயிற்றைக் கையில் எடுத்தாள். கடைசி முடிச்சிலிருந்து தொட்டுக்கொண்டே வந்தாள். "இவனை அவுக மாமா கூட்டிட்டுப் போயிட்டாரு. இவளை அவுக அம்மை. இவனைக் கேட்டுகிட்ட ஒரு அண்ணாச்சி தூக்கிட்டாரு." ஒன்றுகூட விடவில்லை. முதல் முடிச்சுக்கு வந்ததும் விரல் நின்றது.

"டீச்சர், சங்கரபாண்டியனை யாரு கூட்டிட்டுப் போனா?"

வழியெல்லாம் ஊரை ஏசிக்கொண்டு வந்தவள் அந்த முதல் முடிச்சையே பார்த்தாள். பிச்சம்மாள் குனிந்துகொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, அதுதான் தங்கத்தாய்க்குத் தாங்கவில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

"பிச்சம்மா, தம்ளரை எடுத்து வச்சிராத. பிள்ளைகளைச் செத்த நேரம் பாத்துக்கோ. வாரேன்" என்று கிளம்பினாள்.

விடுவிடென்று வீட்டுக்கு வந்தாள். சங்கரபாண்டியன் சிரட்டையை வண்டியாக்கி இழுத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு வந்திருந்த சண்முகையா அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வாசலை மறித்து நின்றார்.

"வேண்டாம் தங்கம். சொன்னாக் கேளு."

"இவனை நான்தான கூட்டிட்டுப் போனேன்" என்றாள், முப்பிடாதிக்குச் சொல்லவேண்டிய பதிலை அவரிடம். அவருக்கு விளங்கவில்லை. மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கினாள். நாளைக்கு அந்த அறைக்குப் பூட்டு விழும் என்று தெரியும். இந்த வாசல் என்ன ஆகும் என்று தெரியாது.

தெருமுனையில் பையனை இறக்கி விட்டாள்.

"எங்கம்மா போறோம்?"

"முப்பிடாதி வீட்டுக்கு."

"எனக்கு வழி தெரியாதே."

"எனக்குத் தெரியும்லே. கண்ணை மூடிக்கோ. மொத கருப்பட்டி வாசனை வரும்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.