சிகப்பைக் கழற்று, மஞ்சளை மாட்டு

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணாமல் சிலர் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். சிலர் மட்டும் ஆசிரியருக்கு போன் போட்டு, "அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டீர்களாம். அந்தம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தம்மாவின் வீட்டுக்காரருக்குத்தான் ஆனது. மாரடைப்பு.

சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேனின் கூரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெஞ்சுவலிக்கும் வேன் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் எதை இழுத்தாலும் அது ஒரு வயரில்தான் போய் முடியும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக: எங்கள் வீடு திருவொற்றியூர் கடலோரத்தில் ஒரு குப்பத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் பெயர் குணசேகரன். ஹார்பரில் கிரேன் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன விஷயம் அவருக்குத் தெரியும்... அவர் கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. ஓடுகிற மிக்ஸியைப் பிரிப்பார். அடிக்கிற காலிங் பெல்லைப் பிரிப்பார். பிரித்ததைத் திரும்பச் சேர்க்கும்போது எப்போதும் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும். "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டுகிறான்மே" என்பார்.

அவருடைய தம்பி தேவராஜ். குப்பத்துச் சங்கம் வாங்கிய ஆம்புலன்ஸ் வேனை ஓட்டுகிறவன். ஆம்புலன்ஸ் வாங்கிய நாளிலிருந்து எங்கள் ஜனங்கள் என்னவோ அநியாயத்துக்கு ஆரோக்கியமாக இருந்தார்கள். வேன் சும்மாவே நின்றது. உப்புக் காற்றில் சும்மா நிற்கிற வண்டி துருப்பிடித்துப் போகும். டீசலுக்கும் ஒரு வழி வேண்டும். அதனால் சங்கத்தில் பேசி, நோயாளி இல்லாத நாட்களில் வேனை 'பைலட்' வேலைக்கு அனுப்பலாம் என்று முடிவானது.

பைலட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்காதீர்கள். எண்ணூர் பக்கம் காற்றாலையின் றெக்கைகளை ஏற்றிக்கொண்டு நீள நீளமான டிரெய்லர்கள் துறைமுகத்துக்குப் போகும், பார்த்திருப்பீர்கள். லாரிக்காரர்கள் அந்த மாதிரி சரக்கை 'ஓடிசி' என்பார்கள். அளவுக்கு மீறிய லோடு என்று அர்த்தம். அதற்கு முன்னால், கூரையில் மஞ்சள் விளக்கு சுற்ற, ஜன்னலில் சிவப்புக் கொடி ஆட, மைக்கில் கத்திக்கொண்டு ஒரு வண்டி ஓடும். அதுதான் பைலட்.

ஒரு வண்டி, இரண்டு வேலை. ஆம்புலன்ஸ் என்றால் கூரையில் சிகப்பு-நீல விளக்குப் பட்டை, அதாவது லைட் பார், வேண்டும். பைலட் என்றால் மஞ்சள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடலாம் என்றான் தேவராஜ். அவ்வளவுதான், கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார் எங்கள் வீட்டுக்காரர். டீயை அவர் பாதியில் வைத்தால் விஷயம் பெரிசு.

"இன்னாடா பேசறே? றெக்கைக்கு முன்னால போறப்போ மேல சிகப்பு குந்திகினு இருந்தா போலீஸு சும்மா வுடுவானா? ரூஃபுல எட்டு எடத்துல ஓட்ட போட்டின்னா, இந்த உப்புக் காத்துக்கு ஒரே மழையில சல்லடையாப் பூடும். ஒரே சாக்கெட்டு. எது வோணுமோ அத்த மாட்டு, வேணாங்காட்டி கழட்டு. வண்டிய நம்ம வூட்டாண்ட நிறுத்து."

நிறுத்தினான். வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தினான். நான் காய்கறிப் பையோடு பக்கவாட்டில் நடந்து வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து ரிலே, அங்கிருந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஸ்விட்ச். அப்புறம் கதவோரத் தூண் வழியாக வயரை மேலே ஏற்றி, கூரைக் கேரியரில் ஒரு செவன் பின் சாக்கெட். டிரெய்லர்களின் முதுகில் மூடி போட்டு ஒன்று இருக்குமே, அதேதான். இரண்டு லைட் பாருக்கும் ஒரே மாதிரி வால், வாலின் நுனியில் ஒரே மாதிரி பிளக். இரண்டு கிளாம்பைத் தளர்த்தி, பிளக்கைப் பிடுங்கினால் சிகப்பு கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் மஞ்சளை உட்கார வைக்கலாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சாப்பிடும்போது சொல்வார். தூங்கும்போதும் சொல்வார்.

முதல் டிரயலை ஊரே பார்த்தது. மஞ்சள் பாரை மாட்டி ஸ்விட்ச் போட்டார். லைட் எரியவில்லை... சைரன் அலறியது! தெருவே ஓடி வந்தது. எதிர்வீட்டு மீன்காரம்மா, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று தலையில் கூடையோடு பதறினாள். விஷயம் இதுதான்: இரண்டு பாருக்குள்ளும் சைரன் உண்டு; ஒரு பாரில் சைரனுக்குக் கொடுத்த பின்னை இன்னொரு பாரில் லைட்டுக்குக் கொடுத்திருந்தார். தப்பு யாருடையது? "வயரு கலரு மாத்தி அனுப்பிட்டான் கடக்காரன்" என்றார். ஒப்புக்கொள்கிற வம்சமா அது?

பின்களை மாற்றி ஒழுங்கு செய்தார். உப்பு ஏறாமல் இருக்க எதையோ தடவினார். அந்த 'எதையோ' நான் குதிகால் வெடிப்புக்கு வைத்திருந்த களிம்பு. டப்பா காலி. கேட்டால், "ஒன் காலு இன்னா, கரன்ட்டா பாயுது?" என்கிறார்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற எவரையும் சும்மா விடவில்லை. கேஸ் சிலிண்டர் போட வந்தவரையும் வேன் பக்கம் தள்ளிக்கொண்டு போய், கழற்றி மாட்டிக் காட்டினார். எனக்குத் தாங்கவில்லை. "நோயாளி ஏறனாக்கா சிகப்பு. றெக்கைக்கு மஞ்சளு. ரெண்டுக்கும் நடுவுல டீ குடிச்சிட்டு ஆற அமர மாத்துனா ஆவாதா? இவ்ளோ வேகமா மாத்தறதுக்கு இன்னா அவசரம் வரப்போவுது?" என்று கேட்டேன். "ஒனக்குத் தெரியாதுமே" என்றார். சத்தியமாக அவருக்கும் தெரியாது.

அன்று காலை இட்லி தட்டோடு உட்கார்ந்தவர் நெஞ்சைத் தடவினார். "கேஸ்" என்றார். எங்கள் வீட்டு ஆண்களுக்கு உடம்பில் வரக்கூடிய வியாதி அந்த ஒன்றுதான். ஆனால் ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தவரின் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் தேவராஜ் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான்.

பயந்துவிட்டேன். கிண்டலாக எழுதுகிறவளுக்குப் பயம் வராது என்று நினைத்துவிடாதீர்கள். வேனில் ஏறும்போது செருப்புப் போடவில்லை என்பதே ஆஸ்பத்திரி தரை சில்லென்று பட்டபோதுதான் தெரிந்தது.

சிகப்பு லைட் சுற்ற, சைரன் அலற, கிளம்பினோம். ஊருக்குள் போகும் டி.எச். ரோட்டைக் கால்வாய்க்காக வெட்டிப் போட்டிருந்தார்கள். அதனால் கடலோர ரோடுதான். ராயபுரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். கொஞ்ச தூரம் பறந்தோம். அப்புறம் வந்தது கன்டெய்னர் லாரி வரிசை.

வடசென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஹார்பர் கேட்டுக்குள் நுழைய லாரிகள் வரிசையில் நிற்கும். ஒரு வரிசை நின்றால் தேவலை. அதன் பக்கத்தில் முந்தப் பார்த்தவர்களின் வரிசை ஒன்று. அந்த வரிசையை முந்தப் பார்த்தவர்கள் மூன்றாவதாக. நடுவில் எங்கள் வேன். சைரன் கத்துகிறது, ஒரு சக்கரம் அசையவில்லை. நான்கைந்து டிரைவர்கள் கீழே நின்று குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

இவர் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறம். "ஒண்ணுமில்லமே" என்றார். நாற்பது வார்த்தை பேசுகிற மனுஷன் ஒரே வார்த்தையோடு நிறுத்திவிட்டார். இறங்கி ஓடினேன். முன்னால் நின்ற டிரெய்லரின் டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"யோவ், கொஞ்சம் ஒதுங்குய்யா! எங்க வூட்டுக்காரரு உள்ள துடிச்சிகினு கீறாரு!"

தெற்கத்திக்காரர். நல்ல மனுஷன்தான். முகமே வாடிவிட்டது. "நான் ஒதுங்குனா பின்னால நிக்கவன் என் எடத்துல நுழைஞ்சிருவான்க்கா. நேத்து காலைலேருந்து நிக்கேன். ஒதுங்குனா மறுபடி கடைசிக்குப் போவணும். எல்லாரும் ஒதுங்குனா நானும் ஒதுங்குதேன்" என்றார். கேபினில் ஏறித் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் திணித்தார். "அண்ணாச்சிக்குக் குடுங்க."

தண்ணீர் கொடுத்தார். வழி கொடுக்கவில்லை. அழுவதா, அவரை அடிப்பதா என்று தெரியாமல் பாட்டிலோடு திரும்பி வந்தேன்.

டிரெய்லர்காரர் சொன்னதைத் தேவராஜிடம் சொன்னேன். ஸ்டியரிங்கை ஒரு குத்து விட்டான். ஒரு கணம் முன்னால் இருந்த லாரிகளையே பார்த்தான். பிறகு சைரனை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினான். பின்கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சருக்குக் கீழே கைவிட்டான். அன்று மத்தியானம் அவனுக்கு ஒரு றெக்கை வேலை இருந்தது. மஞ்சள் பார் அங்கேதான் படுத்திருந்தது.

கண் மூடிக் கிடந்தவர் கேட்டார்: "இன்னாடா பண்றே?"

"மஞ்சள மாட்டப் போறேன் அண்ணாத்த."

"மொதல்ல... ஸ்விட்ச ஆஃப் பண்ணுடா. ஃப்யூஸு பூடும்."

ஐயோ, இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் மார்பைத் தடவினேன். மேலே டக் டக்கென்று கிளாம்ப் சத்தம். சிகப்பு இறங்கியது. மஞ்சள் ஏறியது. நான் அத்தனை நாள் கிண்டல் செய்த அந்த வேகத்துக்கு அன்றைக்குக் கும்பிடு போட்டேன்.

மஞ்சள் சுற்ற ஆரம்பித்தது. தேவராஜ் சிவப்புக் கொடியை என் கையில் கொடுத்து ஜன்னலில் ஆட்டச் சொன்னான். மைக்கைப் பிடித்தான்.

"ஓடிசி வர்து! ஓடிசி வர்து! காத்தாடி றெக்க வர்து! லெஃப்ட்ல ஏறு! கேபின் பத்திரம்! நைனா, ஒயுங்கா ஒதுங்கு, சீவிகினு பூடும்!"

நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். பல்குத்திக்கொண்டிருந்தவர்கள் பறந்து கேபினில் ஏறினார்கள். இன்ஜின்கள் உறுமின. கிளீனர்கள் விசிலடித்தார்கள். மூன்றாவது வரிசை இரண்டாவதில் செருகியது, இரண்டாவது முதல் வரிசையை இடித்துக்கொண்டு ஓரத்தில் ஏறியது. தண்ணீர் கொடுத்த தெற்கத்திக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏலே ஒதுக்குலே! றெக்க வருது!" என்று எங்களுக்காகவே தொண்டை கிழியக் கத்தினார். நடுரோடு பளிச்சென்று காலி. நான் கொடியை ஆட்டிய ஆட்டில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். அத்தனை லாரிகளும் ஓரங்கட்டி, வடக்குப் பக்கம் பார்த்துக்கொண்டு, வராத ஒரு றெக்கைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தன. மன்னித்துக்கொள்ளுங்கள், டிரைவர் அண்ணாச்சிகளே.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் 'நான் ஒருத்தன் மட்டும் ஏன் ஒதுங்கி என் இடத்தை விட வேண்டும்' என்று ஒவ்வொருவரும் கணக்குப் போடுகிறார்கள். றெக்கை வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒதுங்குவார்கள், யார் இடமும் போகாது. தவிர, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் யாரோ ஒருவரின் உயிர்தான் போகும். றெக்கைக்கு விடாவிட்டால்... நம்ம வண்டியின் சைடு மிரர் போய்விடுமே! லாரிக்காரர்களை மட்டும் சொல்வானேன்? ரேஷன் கடை வரிசையிலும் கோயில் வரிசையிலும் நம் லட்சணம் மட்டும் என்ன வாழுதாம்?

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். மீதியை நானே மனதுக்குள் முடித்துக்கொண்டு, யாரும் பார்க்காத இடமாகத் தேடிப் போய் அழுது தீர்த்தேன். இவர் கண் விழித்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சாக்கெட்டு மூடிய மூடுனானா?"

இப்போது வீட்டில் இருக்கிறார். நடக்கிறார், திட்டுகிறார். விஷயம் பரவி, வேறு ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து, "எங்களுக்கும் அதே மாதிரி ஒரு சாக்கெட்டு போட்டுக் குடுங்க நைனா, மஞ்சள் நாங்க வாங்கிக்கறோம்" என்று நின்றார்கள். முடியாது என்றுவிட்டார். "ஆளாளுக்கு றெக்க றெக்கன்னு கத்திகினு போனா, நெஜமா றெக்க வர்றப்போ எவன் ஒதுங்குவான்? அத்தோட மஞ்சளுக்கும் மருவாத பூடும். எனக்கு வந்துட்சி, பண்ணிட்டோம். அத்தோட வுடு." எனக்கென்னவோ அவர் சொன்னது சரியென்று பட்டது. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கான்ஸ்டபிள் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே! கல்மண்டபம் ஜங்ஷனில் ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் எங்கள் மைக் சத்தம் கேட்டதும் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தி சல்யூட் அடிக்காத குறையாக அனுப்பி வைத்தார். பின்னால் றெக்கை வருகிறதா? வரவில்லை. மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். பைக்கை எடுத்துக்கொண்டு துரத்தி, நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது வந்து பிடித்துவிட்டார்.

"யாரை ஏமாத்தறே? எங்கய்யா லோடு?"

தேவராஜ் பின்கதவைத் திறந்தான். "உள்ள கீது சார்."

கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரில் இவர். பக்கத்தில் கையில் சிவப்புக் கொடியோடு, தலைவிரி கோலமாக நான். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். தள்ளிக்கொண்டே கேட்டார்: "பேஷன்ட்டுன்னா சிகப்பு லைட்டைப் போட்டுக்கிட்டு வர வேண்டியதுதானேய்யா?"

மறுபக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்த தேவராஜ் நிமிரக்கூட இல்லை.

"அத்த போட்டுகினுதான் சார் இம்மாம் நேரம் நின்னுகினு இருந்தோம்."