‘என்கிறார்’ இல்லாத வாக்கியம்

“...வருத்தம்னு சொல்றதுக்கா இம்மாந் நேரம் பேசினாரு? வருத்தம் எனக்கும்தான் கீது. எதிர்வூட்டுக்காரிக்கும் கீது. இவரு இன்னா சொன்னாரு, அத்த சொல்லு நைனா.”

கேட்டவள் கன்னியம்மா. பதில் சொல்ல வேண்டியவர் லூர்துசாமி. போன செவ்வாய்க்கிழமை, ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸின் மாடி அறை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நானும் அங்கே இருந்தேன்.

கன்னியம்மாவை உங்களுக்குத் தெரியாது. துறைமுகத்துக்கு வந்திருந்த ஒரு பிரெஞ்சுச் சரக்குக் கப்பலின் அடிக்கிடங்கில், போன மாதம், இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று மேலே போகும்போதே விழுந்து ஒருவர் இறந்துபோனார். ஏழுமலை. அவருடைய மனைவி இவள். காசிமேட்டுச் சந்து ஒன்றில் வீடு.

நஷ்ட ஈடு விவகாரமெல்லாம் முடிந்துவிட்டது. அதற்காக அவள் வரவில்லை. பின்னே எதற்கு?

ஏழுமலையின் வேலை, கிடங்குக்குள் நின்று சரக்கைக் கயிற்றில் கட்டிக் கொக்கியில் மாட்டுவது. அவர் கட்டிவிட்டுக் கையைத் தூக்கினால், மேலே வின்ச் இயந்திரம் இழுக்கும். அந்தச் சரக்குக்குக் கீழே பத்து பன்னிரண்டு பேர் நின்று வேலை செய்வார்கள். ஒருவர் போட்ட கட்டை நம்பி இன்னொருவர் தலையைக் கொடுப்பது என்றால் என்ன என்று, ஷெட்டில் உட்கார்ந்து மூட்டை எண்ணுகிற டாலி கிளார்க்கான எனக்கே இத்தனை வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

அன்றைக்கு மற்றவர்கள் டீ குடிக்க மேலே போயிருந்தார்கள். கிடங்கில் ஏழுமலை ஒருவர்தான். மேலே வின்ச்சில் இருந்த கப்பல் ஆளுக்குக் கிடங்குக்குள் தெரியாது. கிடங்குத் திறப்பின் விளிம்பில், உள்ளே பார்த்துச் சைகை காட்டிக்கொண்டு, கப்பலின் செகண்ட் ஆபீஸர். சரக்கு விழுந்தது. கூட்டம் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது; கயிறு குழாய்களுக்கடியில் நசுங்கிக் கிடந்தது, அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அப்புறம் பேச்சு கிளம்பியது. கட்டு அவிழ்ந்துவிட்டதாம். கட்டினவர் நிதானத்தில் இல்லையாம். மதுவிலக்குக் காலத்தில் இப்படி ஒரு ‘ஆம்’ போட்டுவிட்டால் போதாதா? செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போகிறாரா?

அந்தப் பேச்சு செத்தவரோடு போயிருந்தால்கூடச் சரி. ஏழுமலையின் தம்பி அதே கேங்கில், அதே கட்டுப் போடும் வேலையில் இருக்கிறான். அண்ணன் கற்றுக்கொடுத்த கட்டு. இப்போது அவன் கட்டிய சரக்குக்குக் கீழே எவனும் நிற்பதில்லை. வாயைத் திறந்து ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அவன் கையைத் தூக்கினால் மெல்ல நகர்ந்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். அவன் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறது.

கன்னியம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. கட்டு அவிழ்ந்ததா, இல்லையா? அதைப் பார்த்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம், அந்தச் செகண்ட் ஆபீஸர். அவருக்கோ பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை தெரியாது.

விசாரணைக்காகக் கப்பல் அவரை இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தது. அவராகவேதான் கேட்டாராம், அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று. அவருடைய வாக்குமூலத்தையும் அதே வேளையில் எழுதிக்கொண்டுவிடலாம் என்று ஏஜென்ட் ஆபீஸில் நினைத்தார்கள். கன்னியம்மாவுக்குத் துணையாக இங்கிலீஷ் தெரிந்த ஆள் ஒன்று வேண்டும் என்று கேங் மேஸ்திரி என்னைப் போகச் சொன்னார். என் இங்கிலீஷ் மூட்டைகளில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்துப் படித்த இங்கிலீஷ் என்பதை அவரிடம் சொல்லவில்லை. மேஸ்திரியும் கேங்கும் வெளியே வராந்தாவில் நின்றார்கள். ஏழுமலையின் தம்பி கொஞ்சம் தள்ளி, தூணோரமாக நின்றான்.

லூர்துசாமியைப் பற்றி மட்டும் நான் தனியாகச் சொல்ல வேண்டும்.

காரைக்காலில் பிறந்தவர். அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். பிழைப்புக்கு ராயபுரம் வந்து, கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் கயிறும் பெயிண்டும் சப்ளை செய்கிற கடையில் சேர்ந்தார். பிரெஞ்சுக் கப்பல் எது வந்தாலும் ஏறி இறங்குவது அவர்தான். அப்படியே, பிரெஞ்சுக்காரன் சொல்வதை இங்கிலீஷ்காரனுக்கும், இங்கிலீஷ்காரன் சொல்வதைப் பிரெஞ்சுக்காரனுக்கும் மாற்றிக்கொடுக்கிற ஆளாகவும் ஆகிவிட்டார்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரிடம் கேட்டேன். இரண்டுமே வெள்ளைக்காரன் பாஷைதானே, இதை அதாக்க என்ன கஷ்டம் என்று.

அவர் சிரிக்கவில்லை. வெங்காயம், சங்கிலி, தண்ணீர் இதற்கெல்லாம் கஷ்டமே இல்லை என்றார். தராசில் இந்தத் தட்டில் ஒன்று வைத்தால் அந்தத் தட்டிலும் ஒன்று வைக்கலாம். நியாயம், மானம், குற்றம், வெட்கம் என்று வரும்போதுதான் பேஜாரு. இரண்டு பாஷையிலும் எழுத்துக்கூடப் பாதி ஒன்றாகவே இருக்குமாம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி முகஜாடை. குணம்தான் வேறு.

“மனசாட்சிக்கு ரெண்டு பேரும் ஒரே எழுத்துதான் எழுதறாங்க சார். பிரெஞ்சுக்காரனுக்கு அதுக்குள்ளயே சுயநினைவோட முழிச்சிருக்கிறதும் அடக்கம். இங்கிலீஷ்காரனுக்கு, தூங்க விடாம குத்துறது மட்டும்தான் அது. நான் நடுவுல நின்னு எதைத் தர்றது?”

அதனால் அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் கடைசியில் ‘என்கிறார்’ என்று ஒன்று சேர்த்துவிடுவார். இங்கிலீஷிலும் அப்படித்தான். பிரெஞ்சிலும் அப்படித்தான். திட்டினாலும் ‘என்கிறார்’. கெஞ்சினாலும் ‘என்கிறார்’. சூடான பாத்திரத்தைத் துணி வைத்துப் பிடித்து இறக்குகிறோமே, அந்த மாதிரி. கை சுடக் கூடாது அல்லவா? இத்தனை வருஷமாக அந்தத் துணிதான் அவரைக் காப்பாற்றி வந்தது.

இனி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஏஜென்ட் ஆபீஸ் மானேஜர், வெள்ளைக்காரர். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கன்னியம்மா உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றாள். நான் சொல்லிப் பார்த்தேன். “இருக்கட்டும் அண்ணே” என்று சொல்லிவிட்டாள்.

செகண்ட் ஆபீஸர் பேச ஆரம்பித்தார். நாற்பது வயது இருக்கலாம். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பைத் திருப்பிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், ரொம்ப நேரம் பேசினார். நடுவில் இரண்டு முறை நிறுத்தினார். ஒருமுறை தன் இடது மணிக்கட்டைத் தொட்டார். அங்கே கடிகாரம் இல்லை. கட்டியிருந்த தடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் பேச்சில் ‘ஓந்த்’ என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் அது சாதாரணச் சொல் இல்லை என்று தெரிந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் இறங்கிப்போயிற்று.

லூர்துசாமி அதை இங்கிலீஷில் மானேஜரிடம் தணிந்த குரலில் சொன்னார். எனக்குப் பாதிதான் எட்டியது. ‘ஷேம்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

மானேஜர் பேனாவை எடுத்தார், வைத்தார். ஷேம் என்பது ஒருவர் தன் பாதிரியாரிடம் போய்ச் சொல்கிற வார்த்தை, ரிப்போர்ட்டில் எழுதுகிற வார்த்தை இல்லை என்றார். ‘ரிக்ரெட்’ என்று போடலாம்; வேண்டுமானால் ‘டீப்லி’ சேர்த்துக்கொள்ளலாம்; அந்த அம்மாவிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள் என்றார். இதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

ரிக்ரெட்... அது எப்படிப்பட்ட வார்த்தை என்று நமக்குத் தெரியாதா? ரயில் லேட்டானால் ஸ்டேஷன் போர்டில் எழுதுகிறார்கள். வேலை காலி இல்லை என்று அனுப்புகிற கார்டில் எழுதுகிறார்கள். யாரோ எங்கோ வருத்தப்படுகிறார்கள். யார் என்று மட்டும் தெரியாது. மழை வந்ததற்கும் ரிக்ரெட் படலாம். மனிதன் செத்ததற்கும் படலாம். அதில் குற்றம் செய்த ஆள் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. வெட்கம் அப்படியா? வெட்கப்பட ஒரு முகம் வேண்டும்.

பெரிய பெரிய படிப்பாளிகள் அகராதி போடுகிறார்கள். இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். தவறில்லை. ஆனால் ஒரு பாஷையில் கனமாக இருந்த சொல், இன்னொரு பாஷைக்குப் போகும்போது எங்கே இளைக்கிறது? எல்லாம் அகராதியில் இளைப்பதில்லை. சிலது இந்த மாதிரி மேஜைகளில்தான் இளைக்கிறது.

லூர்துசாமி கன்னியம்மா பக்கம் திரும்பினார். ஆபீஸர் ‘ரொம்ப வருத்தப்படுகிறேன்’ என்கிறார் என்றார்.

அப்போதுதான் அவள் கேட்டாள், நான் தொடக்கத்தில் எழுதியதை.

அவள் ஒரு சொல்லும் புரியாமல் அத்தனை நேரமும் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள். இவ்வளவு நீளமாக, இவ்வளவு தடுமாறிச் சொன்னது இரண்டு சொல்லில் அடங்குமா என்பதுதான் அவள் கேள்வி. நியாயம்தானே?

லூர்துசாமி மானேஜரைப் பார்க்கவில்லை. ஆபீஸரைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். ஆபீஸர் தலையை ஆட்டினார். ‘முழுவதையும் சொல்லட்டுமா என்று கேட்டேன், ஒன்றும் விடாதே என்றார்’ — பிறகு லூர்துசாமி என்னிடம் சொன்னது இது.

“அவர் என்ன சொல்றார்னாம்மா...” என்று தொடங்கினார்.

கன்னியம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

“சொல்றாரு கில்றாரு வேணாம் நைனா. அவுரு எப்டிச் சொன்னாரோ அப்டியே சொல்லு. அவுரு ‘நானு’ன்னா, நீயும் ‘நானு’ன்னு சொல்லு.”

லூர்துசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அவர் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. சந்தையிலும் சர்ச்சிலும் எல்லாருக்கும் தெரிந்த மனிதர். ஒரு பூச்சியைக்கூட மிதித்திருக்க மாட்டார். அவரைப் போய் இந்த வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால்?

சொன்னார்.

“உன் புருஷன் கயித்தைத் தூக்கிக் காட்டினார். நான் கடிகாரத்தைக் காட்டினேன்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

“கயிறு நைஞ்சு போயிருந்தது. எனக்குத் தெரியும். அது என் கப்பல் கயிறு. வேற கயிறு இருந்தது. எடுக்க நேரமாகும்னு இதுலயே கட்டுன்னு சைகை பண்ணேன். அவர் கட்டினார். நல்லாத்தான் கட்டினார். கட்டு அவிழலை. கயிறுதான் அறுந்தது. இதை இத்தனை நாள் சொல்லாம இருந்தேன். எனக்கு வெட்கமா இருக்கு.”

கடைசிச் சொல் வரும்போது லூர்துசாமியின் குரல் உடைந்தது. ஆபீஸர் தமிழ் தெரியாமலே அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். தன் சொல் வந்து சேர்ந்துவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

பிறகு, யாரும் கேட்காமலே, லூர்துசாமி மேஜைப் பக்கம் திரும்பி அதையே இங்கிலீஷிலும் சொன்னார். ‘ஹி ஸேஸ்’ இல்லாமல். ‘ஐ’ என்று. அது எனக்கு முழுதாகவே புரிந்தது. மானேஜர் காகிதத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எந்த வார்த்தையை எழுதினார் என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கவும் தோன்றவில்லை.

நான் வாரா வாரம் இந்தப் பக்கத்தில், ஜனங்கள் பேசுகிற பேச்சைப் பொறுக்கிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் கொட்டுகிறவன். வார்த்தைதான் எனக்குச் சரக்கு. ஆனால் அன்றைக்கு ஒன்று தெரிந்தது. வெங்காயத்தை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம். குற்றத்தையும் வெட்கத்தையும் இன்னொரு பாஷைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், கொண்டுபோகிறவர் கொஞ்ச நேரமாவது அதைத் தன் தலையில் சுமந்தாக வேண்டும். துணி வைத்துப் பிடித்தால் பாத்திரம் வரும், சூடு வராது.

கன்னியம்மா அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அந்த அறையில் யாரும் எதிர்பார்த்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆபீஸரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு லூர்துசாமியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கட்டு அவுறல. அதானே?”

“அவிழலைம்மா” என்றார் அவர். தன்னை அறியாமல் ‘என்கிறார்’ சேர்க்கப்போய், பாதியில் விழுங்கிவிட்டார்.

மானேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கன்னியம்மா அவரைக் கவனிக்கவில்லை. கதவருகே போனாள். இரண்டு கதவுகளையும் முழுக்கத் திறந்தாள். வராந்தாவில் நின்றிருந்த கேங் முழுவதையும் உள்ளே வரச் சொன்னாள். மேஸ்திரி தயங்கினார், அவரையும் விடவில்லை. பிறகு தூணோரம் போய்க் கொழுந்தனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினாள்.

“இன்னொரு தபா சொல்லு நைனா” என்றாள். “அதே மாரி.”

சொல்லிவிட்டு, அதுவரை தொடாத அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.