மேற்கோளில் விட்டுப்போன பாதி

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றால் போதும், எங்கள் ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று இணையத்தில் தேடித் திரட்டுவது என் தலையில்தான் விழும். சில பேராசிரியர்களை மேற்கோள் காட்டியவர் யாரென்று பார்த்தால் அவர்களே இருப்பார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் கணக்கில் சேர்ப்பேன்.

அப்படி ஒரு மத்தியானம், வேலைக்கு நடுவே, அக்காவின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். அக்கா வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுமையையும் மறதிநோயையும் ஆராய்கிறவள். திரையில் வந்த மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் கல்லூரி முழுவதையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. அதில் பாதிக்குமேல் ஒரே கட்டுரைக்கு வந்திருந்தது. ஆசையாகத் திறந்தேன்.

தென்னிந்தியாவில் ஒரு சிற்றூர். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் தினமும் காலையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, ஆபீசுக்குப் போவதாக பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறார். கல்யாணமாகாத இளைய மகள் கூடவே போய், இன்றைக்கு லீவு என்று சொல்லித் திருப்பிக் கூட்டி வருகிறாள். அது எங்கள் அப்பா. அந்த மகள் நான். அதற்குக் கீழே, தனியாக எடுத்து, சாய்வெழுத்தில், நான் சொன்ன ஒரு வரி ஆங்கிலத்தில் நின்றது: அப்பா போய்ச் சேர்ந்தால் நல்லது என்று சில நேரம் தோன்றுகிறது.

சொன்னது உண்மைதான். அப்பாவுக்கு மறதி முற்றிய வருடம் அக்கா ஒரு மாத லீவில் வந்திருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சளைக்காமல் பேச்சுக் கொடுப்பாள். பாசம் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் தீயல் குழம்புக்குச் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "எதுக்குட்டி அழுக? மனசுல உள்ளத அக்காகிட்ட சொல்லு மக்கா" என்று தலையைத் தடவினாள். வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அவளிடம் சொன்னேன். உள்ளித் தட்டுக்குப் பக்கத்தில் அவள் போன் கவிழ்ந்து கிடந்தது. வந்த அன்றே ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருந்தாள், ஏதோ அவள் வேலைக்கு வேண்டுமென்று. கூடப்பிறந்தவள் நீட்டுவதை யார் வாசித்துப் பார்க்கிறார்கள்?

மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அதுதான் என் தொழில் ஆயிற்றே. எல்லோரும் அந்த ஒரே வரியைத்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவர் அதைப் பராமரிப்பவரின் சோர்வு என்றார். அவரை மேற்கோள் காட்டிய இன்னொருவர் வெறுப்பு என்றார். அவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாமவர், இந்திய மகள்கள் இப்படி நினைக்கிறார்கள் என்று பன்மையிலேயே எழுதிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் நான் அத்தோடு நிறுத்தவில்லை. அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னேன்: "ஆனா அவரு போயிட்டா காலம்பற நான் யாருகூடக்கா பஸ் ஸ்டாப்புக்குப் போவேன்?" அது எந்தக் கட்டுரையிலும் இல்லை.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"உன் பேர எங்கயாவது போட்டேனா மக்கா?" என்றாள். "அத வாசிச்சு எத்தன வீட்டுக்கு உதவி கெடச்சிருக்கு தெரியுமா?"

"மிச்சத்த ஏன் போடல்ல?"

"அந்த வரிதான் அழுத்தமா இருந்திச்சு" என்றாள்.

உதவி கிடைத்திருக்கும், அக்கா பொய் சொல்ல மாட்டாள். இருந்தாலும் என் அழுகையில் தனக்கு வேண்டியதை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு போனவள்தானே. இதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் அப்பா போனார். அக்கா வந்தாள். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, அடுக்களையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது. "எப்பிடி இருக்க மக்கா? மனசுல உள்ளத சொல்லு" என்று தலையைத் தடவினாள். என் கண் அவள் போனைத் தேடியது. அது உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. இந்தத் தடவை அக்காவாக மட்டும்தான் கேட்டாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"நல்லா இருக்கேன்க்கா" என்றேன்.

அன்று காலையிலும், அப்பா கிளம்பும் நேரத்துக்கு, பஸ் ஸ்டாப்பில் தனியாகப் போய் நின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.