எங்கடை தண்ணி

பாலத்தின் பாதித் தூரம் வந்த பிறகுதான் அலவாங்கின் இரும்பு தோளை அறுப்பது தெரிந்தது. வேலணையில் இருந்து புங்குடுதீவுக்குப் போகும் அந்தப் பாதையில் நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் முழங்காலளவுக் கடல், நடுவிலே கல்லும் தாரும். பின்னால் வந்த பஸ் எனக்காக வேகத்தைக் குறைத்தது. மிதிபலகையில் நின்ற கொண்டக்டர், "ஏறுமன் காணும், வெயிலுக்கை காய்ஞ்சு கருவாடாப் போவீர்" என்றான். கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். முதல்நாள் பின்னேரக் கூட்டத்தில் முன்னுக்கு இருந்து கைதட்டியவன் அவன்.

அலவாங்கு என்னுடையதல்ல. என்னோடு கிணறு வெட்டியவன் அன்று காலை தந்துவிட்டுப் போனது. "இத நீங்க வச்சுக்கங்கண்ணே. புள்ளையத் தூக்கணும், பொட்டியத் தூக்கணும், இதுவும் சேந்தா முடியாது" என்றான்.

அவன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தெற்கிலே தமிழர்களை அடித்து விரட்டியபோது மனைவியையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தமிழ் கேட்கும் பக்கமாக வந்தவன். நான் நெடுந்தீவான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வேலை கிடைத்த ஊரில் நின்று, வேலை முடிய அடுத்த ஊருக்குப் போனவன். வேலணையில் ஒரு கிணற்றுக் குழிக்குள் இரண்டு பேரும் சந்தித்தோம். அவன் அலவாங்கால் கல்லைக் குத்துவான், நான் அள்ளுவேன். களைத்தால் மாறிக்கொள்வோம்.

எங்களுக்கு வேலை தந்தவரைத் தலைவர் என்றுதான் ஊர் கூப்பிட்டது. தெற்கிலே கடை வைத்திருந்து, கடை எரிந்து, உடுத்த சாறத்தோடு ஊருக்குத் திரும்பியவர். அவர் பட்டது பொய்யில்லை. பேச்சும் நல்ல பேச்சு.

"கறுப்புக் கோட்டுப் போட்ட அப்புக்காத்துமார் கொழும்பிலை கதிரையிலை இருந்து கொறட்டை விடுகினம். நான் சாறத்தோடை உங்கடை ஒழுங்கையிலை நிக்கிறன். பட்டினத்தான் எங்களைத் தீவான் எண்டு பழிக்கிறான். தீவான் ஆரெண்டு காட்டுவமோ, இல்லையோ?"

"காட்டுவம்!" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். யாழ்ப்பாணச் சந்தையில் மூட்டை தூக்கிய காலத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் நான் தீவான்தான். அந்தச் சொல்லை ஒருவர் ஒலிபெருக்கியில் பெருமையாகச் சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அவருடைய கூட்டங்களுக்கெல்லாம் ஒலிபெருக்கிக் குழாயைப் பனையில் ஏறிக் கட்டியது நான்.

ஒரு கூட்டத்தில் அவர் என் கூட்டாளியை மேடைக்குக் கூப்பிட்டார். தோளில் கையைப் போட்டார். "இவன் மலையிலை பிறந்தாலும் எங்கடை ரத்தம். எங்கடை மண்ணிலை இவனுக்கு இடமில்லையெண்டால் எனக்கும் இடமில்லை!" சனம் ஆர்ப்பரித்தது. இறங்கி வந்தவன் என்னிடம், "நெசமாத்தான் சொல்றாராண்ணே?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலைக்குப் பேசிக்கொண்டது இதுதான்: தலைவரின் புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த பொதுக் காணியில் ஊருக்கு ஒரு கிணறு வெட்டித் தரவேண்டும். வெட்டி முடிய அவனும் குடும்பமும் அதன் கரையில் கொட்டில் போட்டு இருக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். சுண்ணாம்புக் கல்லைக் குத்திக் குத்தி வெட்டினோம். நல்ல தண்ணி வந்தது. மூன்று ஒழுங்கைகளில் இருந்தும் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். அவன் மனைவி கிணற்றடியில் இரண்டு வாழை நட்டாள். நான் தலைவரின் தோட்டத்திலேயே கூலிக்கு நின்றுவிட்டேன்.

எங்கள் தீவுகளில் நல்ல தண்ணி என்பது உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிசாக மிதக்கிற ஒன்று. வாளியால் அளவாக அள்ளினால் இருக்கும். கண்டபடி இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். இதை எவரும் எவருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் தலைவர் ஒரு இறைப்பு மிசின் வாங்கினார். குழாயின் ஒரு தலை ஊர்க் கிணற்றில், மறு தலை அவருடைய புகையிலையில். பகல் முழுக்க அது டுக்குடுக்கென்று ஓடியது. கோடை பாதி ஆகமுதல் தண்ணி கரித்தது. பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வாயில் விட்டுத் துப்பினார்கள். தலைவரின் படலையடியில் நாலைந்து ஆண்கள் நின்று முணுமுணுத்தார்கள். அவர் உடனே கூட்டம் வைத்தார். நான் வழமைபோல ஒலிபெருக்கியைக் கட்டினேன்.

"நானும் உங்களைப் போலை உப்புத் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தனான்" என்று தொடங்கினார். சிரிப்பு. "எங்கடை தண்ணி எங்கை போகுது? கிணத்தடியிலை ராப்பகலாக் குடியிருக்கிறது ஆர்? காலமை ஒரு குளிப்பு, பின்னேரம் ஒரு குளிப்பு, வாழைக்கு ஒரு இறைப்பு. வந்தான் வரத்தான் குளிக்க, எங்கடை பிள்ளையள் உப்பைக் குடிக்கிறதோ?"

கைதட்டலுக்காக அவர் நிறுத்தினார். அந்த இடைவெளியில் தோட்டத்தில் மிசின் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒரு தலைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு கைதட்டினார்கள்.

நான் பனையடியில் நின்றபடியே, "அண்ணை, மிசின் ஓடுறது கேக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"உவன் நெடுந்தீவான். அங்கத்தைக் காட்டுக் குதிரையளோடை வளந்தவன், கனைக்கத்தான் செய்வான்" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவர் கோபப்படவில்லை. கூட்டம் முடிய என்னிடம் வந்து தோளில் கையைப் போட்டார். "உம்மைச் சொல்லேல்லைக் காணும். நீர் எங்கடை ஆள். அவையைத்தான் சொன்னனான்."

மேடையில் என் கூட்டாளியின் தோளில் கிடந்த அதே கை. ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திராது. அந்தக் கை இருக்கும் வரைக்கும்தான் நாங்கள் எங்கடை ஆக்கள். அது எப்போது எடுபடும் என்று அவருக்கு மட்டும் தெரியும்.

பிறகு வேறு கரைகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். மொழி விளங்காத இடங்களிலும் விளங்கியது. பேசுகிறவர் கையை எந்தப் பக்கம் நீட்டுகிறார், எந்தப் பக்கம் நீட்டாமல் விடுகிறார் என்று பார்த்தால் போதும்.

விடிந்து நான் போனபோது கொட்டிலின் கிடுகுகளைப் பிடுங்கிக் கிணற்றடியில் போட்டிருந்தார்கள். வாழைகள் வெட்டுண்டு கிடந்தன. அடுத்த வளவுப் பெண், கிணற்றுக்குள் விழுந்த வாளியை எத்தனையோ தடவை அவனைக் கொண்டு எடுப்பித்தவள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "போறதெண்டால் வெயிலுக்கு முன்னம் போங்கோ பிள்ளை, குழந்தை பாவம்" என்றாள். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னாள். அவளும் கூட்டத்துக்கு வந்திருந்தாள்.

வவுனியாப் பக்கம் காடு வெட்டினால் காணி கிடைக்கும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். பஸ்ஸுக்கு நின்றபோது, கூட்டத்தில் நான் நியாயம் கேட்டுச் சிரிப்புக்கு ஆளானதற்கு என்னைத்தான் தேற்றினான்.

"விடுங்கண்ணே. அங்கயும் கெணறு வெட்டச் சொல்லுவாங்க, வெட்டிக் குடுப்போம். தண்ணி வர்ற வரைக்கும் யாரும் நம்ம ஊரு எதுன்னு கேக்க மாட்டாங்க."

பஸ் போனது. மிசின் ஓடிக்கொண்டிருந்தது. என் சம்பளத்தைக்கூடக் கேட்காமல் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினேன்.

குறிகட்டுவான் துறைக்கு நான் வந்துசேர, நெடுந்தீவுக்குப் போகும் கடைசி வள்ளம் போய்விட்டது. துறையடியிலேயே படுத்தேன். காலையில், நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றும் வள்ளத்துக்காரர் என்னையும் அலவாங்கையும் பார்த்தார்.

"கிணறு வெட்டுற ஆளோ?"

"இனி வெட்டமாட்டன்."

"அப்ப தண்ணி இறைப்பீரோ?"

"எந்தத் தண்ணி?"

"வள்ளத்துக்கை வாற தண்ணிதான் காணும். பலகை விட்டுப்போச்சு, புதுசு போடக் காசில்லை."

அலவாங்கைப் பலகைக்குக் கீழே தள்ளிவிட்டுத் தகரப் பேணியை வாங்கினேன். அன்று முழுக்க, அக்கரைக்குப் போகும்போதும் வரும்போதும், கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் அள்ளி அள்ளிக் கடலுக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணியை எங்கடை என்று ஒருவரும் சொல்லவில்லை.