ஐந்து தரம் சீவிய பாளை

நான் கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கிறவன். தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையைக்கூட, "ஒருக்காக் கையை அப்பிடியே கழுத்தடியிலை வையுங்கோ" என்று மறுபடி நிற்க வைத்திருக்கிறேன். ஒருவரும் மாட்டேன் என்றதில்லை. எதையும் திரும்பச் செய்யச் சொல்லலாம் என்ற துணிவு எனக்கு அங்கேதான் வந்தது.

ஊரில் புழங்குகிற கத்திகளைப் பற்றி ஒரு விவரணப்படம் எடுக்கலாம் என்று இரண்டு வருடங்களுக்கு முன் இறங்கினேன். ஓலை வார்கிற சத்தகத்தையும் மீன் வெட்டுகிற அரிவாளையும் எடுத்தாயிற்று. மூன்றாவது, பதநீர் இறக்கப் பாளை சீவுகிற பாளைக்கத்தி. வட்டுக்கோட்டைப் பக்கம் பனை சீவுகிற ஒருவர் சம்மதித்தார். ஐம்பது வயது இருக்கும். அண்ணை என்று கூப்பிட்டேன். கூச்சக்காரர், முகம் வேண்டாம் என்றார். எனக்கும் கையும் கத்தியும் போதும். சின்னக் கமெரா ஒன்றை அவருடைய நெற்றியில் பட்டி போட்டுக் கட்டி ஏற்றிவிட்டு, கீழே நின்று போனில் பார்த்தேன்.

பாளையின் நுனியில் கத்தி ஒருமுறை போய்வந்தது. சீவல் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக விழுந்தது. நல்ல காட்சிதான். ஆனால் பழக்கம் விடுமா?

"அண்ணை, இன்னொருக்கா!"

இரண்டாம் தரம் வெயில் நேரே அடித்தது. மூன்றாம் தரம் ஓலை ஒன்று குறுக்கே வந்தது. அதன்பிறகு, சீவல் விழுவது தெரியவில்லை, கொஞ்சம் தடிப்பாகச் சீவுங்கோ என்று கத்தினேன். போனில் என் தலை தெரிந்தது, அவர் குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம் தம்பி" என்றார். ஐந்தாம் தரத்தோடு எனக்குத் திருப்தி.

அவர் இறங்கியதும் அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"எத்தினை தரம் சீவினனீங்கள்?" என்று கணவரைக் கேட்டார்.

"ஐஞ்சு."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, பட்டும் படாமல் சீவுறது தம்பி. கனக்கச் சீவினால் பாளை பழுதாப் போம். உந்த மரத்திலை இனி வேறை பாளையும் இல்லை."

அந்த மரத்துப் பதநீரில்தான் அக்கா பனங்கட்டி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"உங்கடை தொழிலைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஐஞ்சு தரம் எடுக்கவேணுமாக்கும் எண்டு நினைச்சன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த கிழமை போன் எடுத்தபோது, பாளை காய்ந்துவிட்டது என்றார் அண்ணை.

படத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்தேன். ஐந்தையும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மற்ற நான்கிலும் அவருடைய கை தயங்கியது தெரிந்தது. முதல் தரம் எடுத்ததையே சேர்த்தேன்.

படத்தை இணையத்தில் விட்ட அன்று அக்கா போன் எடுத்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். "நல்லா வந்திருக்கு தம்பி. உது எத்தினையாவது சீவினது?"

"ஐஞ்சாவது" என்றேன். பாளை வீணாகப் போகவில்லை என்று அவர்கள் நினைக்கட்டும் என்றுதான்.

பக்கத்தில் அண்ணையின் குரல் கேட்டது. "இல்லை, இது முதல் சீவினது. சீவலைப் பாரும், மெல்லிசாயெல்லோ விழுது."