குறைந்தது இருபது பேர்

கம்பனி எனக்குக் கொடுத்த முதல் அடையாள அட்டையில் நான் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டிருப்பேன். படம் பிடித்தவர் "ரெடியா" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் பிடித்துவிட்டார். அழகாக இருந்து என்ன ஆகப்போகிறது? கலஹாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸை அந்த யுத்த காலத்தில் பேராதனைக்குக் கிட்ட ஆமிக்காரர்கள் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி வரிசையில் விடுவார்கள். தேசிய அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: கண்டியில் உனக்கு என்ன வேலை? வேலை தேடிப் போகிறேன் என்று சொன்னவர்களை ஓரமாக நிற்க வைத்தார்கள். நான் என் முழித்த முகத்தை நீட்டினால் புரட்டிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். பஸ்ஸில் திரும்ப ஏறி உட்காரும்போது, ஓரத்தில் நிற்பவர்களை நான் பார்ப்பதில்லை. அதற்குப் பயம் என்றும் பெயர் சொல்லலாம், வெட்கம் என்றும் சொல்லலாம்.

அந்த அட்டை என் கழுத்துக்கு வந்தது ஒரு பொய்யினால். பொய்யைச் சொன்னவர் எங்கள் கம்பனியின் கணினிப் பிரிவு மெனேஜர். நாங்கள் அவரை சேர் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். எங்களுடையது வாகனங்களுக்கு லீசிங் கொடுக்கும் கம்பனி. தலைமை அலுவலகம் கண்டியில், கிளை நாவலப்பிட்டியிலும் வேறு ஊர்களிலும். கிளைக்கொரு கணக்கு முறை, தலைமை அலுவலகத்தில் இன்னொன்று. ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்காது. இரண்டுக்கும் நடுவில் நின்று ஒன்றின் பேச்சை வாங்கி மற்றதற்கு விளங்கும்படி கொடுக்க ஒரு மென்பொருள் வாங்கினார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதப் போகும்போது சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவோமே, அந்த மாதிரி. அதன் லைசன்ஸ் ஆள் கணக்கில்தான் விற்கப்படும். பாவிக்கிற ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு ஓர் இடம். அதிலும் ஒரு நிபந்தனை: குறைந்தது இருபது இடம் வாங்கியே ஆகவேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது பதினான்குதான்.

மீதி ஆறு இடங்களும் சும்மா கிடந்திருக்க வேண்டியவை. சேர் பணிப்பாளரிடம் போய், இருபது இடத்துக்கும் இருபது ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யவேண்டும் என்பது ஒப்பந்தம், இல்லாவிட்டால் விற்றவர்கள் வந்து பரிசோதிக்கும்போது வம்பாகிவிடும் என்று சொன்னார். பணிப்பாளர் ஒரு வயதான சிங்களவர். சட்டம் என்றால் சட்டம் என்று நிற்பவர், ஆனால் அந்தத் தடித்த ஆங்கில ஒப்பந்தத்தைத் தொட்டும் பார்த்திருக்க மாட்டார். சரி, ஆறு பேரை எடுங்கள் என்றுவிட்டார். சேர் எடுத்த ஆறு பேரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கலஹாவிலிருந்து நான், மற்றவர்கள் ஹந்தானையிலிருந்தும் நாவலப்பிட்டிப் பக்கமிருந்தும். இப்படி எங்களையெல்லாம் தேடி எடுக்க யாரோ ஒரு மகராசன் இருக்கிறாரே என்று எங்கள் லயத்து வீடுகளில் ஒரு கிழமைக்கு இதே பேச்சாக இருந்தது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மகராசன் எங்களிடம் சள்ளென்று விழுவார். காலையில் வணக்கம் சொன்னால் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். எங்களுக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, வந்தவுடன் ஆறு பேரும் அவரவர் பெயரில் மென்பொருளுக்குள் போய், கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக் கிளைக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் என்று யாராவது வராமல் விட்டால் அன்று முழுவதும் மனிதர் நிலைகொள்ளாமல் தவிப்பார். இது என்ன கிறுக்கு என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். "வணக்கம், சாப்பிட்டாச்சா" என்று அனுப்பி அதுவே திரும்பி வருவதைப் பார்த்து, நமக்கு நாமே பதில் சொல்லிக்கொள்கிறோம் என்று கேலி செய்வோம்.

ஒரு தைப்பொங்கலுக்கு அம்மா சேருக்கென்று பொங்கலும், எங்கள் தோட்டத்து வட்டர் பழம் என்கிற அவகாடோ நாலைந்தும் கட்டிக் கொடுத்துவிட்டார். சேர் அதை வாங்கினார். திறக்காமலே கொண்டுபோய்ச் சாப்பாட்டு அறை மேசையில் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டார். நான் வீட்டுக்குப் போய் உள்ளபடி சொல்லித் தொலைத்தேன். "அந்த மனுசருக்கு நம்ம கைபட்டது ஆகாதோ" என்று அம்மா முகம் சுருங்கிக் கேட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாழ்ப்பாணத்து மேட்டிமை என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

லைசன்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தபோது அந்த ஒப்பந்தத்தைப் பிரதி எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு எதையும் படிக்காமல் விட முடியாது. மீன் சுற்றி வந்த கடதாசியையும் படிப்பவள் நான். குறைந்தபட்ச எண்ணிக்கை பற்றிய பந்தியை இரண்டு தரம் படித்தேன். இருபது இடத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பது பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை. ஆறு இடமும் காலியாகக் கிடந்தாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே சேரின் அறைக்குப் போனேன். இதில் இப்படித்தானே இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் கதிரையில் சாய்ந்தார். பிறகு சொன்னார்: "ஓம், பிள்ளை. காசு கட்டினாக் காணும், ஆக்கள் தேவையில்லை. நான் சொன்னது பொய்."

ஏன் என்பதையும் அவரே சொன்னார். அந்த ஒப்பந்தம் வந்த நாட்களில் அவர் ஏறிய கலஹா பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். அவருக்கு இரண்டு பக்கமும் தோட்டத்துப் பெடியன்கள், வேலை தேடி வந்தவர்கள். மூன்று பேரும் தமிழர்தான். அவர் கம்பனி அட்டையைக் காட்டினார், போகச் சொன்னார்கள். பெடியன்களை ட்ரக்கில் ஏற்றினார்கள். "என்னை விட்டிட்டாங்கள்" என்றார், ஏதோ அவர் செய்த குற்றம்போல. அன்றே அலுவலகம் வந்து பணிப்பாளரிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார். என்னைத் தன் மகன்போல் நம்பிய மனிதரிடம் பொய் சொன்னேன், அதற்கு நீங்கள் வந்து எனக்கு நன்றி சொல்கிறீர்கள், உங்கள் அம்மா பொங்கிக் கொடுத்துவிடுகிறார், எப்படித் தொண்டைக்குள் இறங்கும் என்று கேட்டார். பணிப்பாளரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் எழும்புவதாகவும் சொன்னார்.

பஸ் வரிசையும், ஓரத்தில் நிற்பவர்களும்தான் என் கண் முன்னால் வந்தார்கள். "சொல்லிறாதீங்க சேர்," என்றேன். "எனக்கு இந்த வேல வேணும்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு எங்கள் ஆறு பேரில் எனக்கு மட்டும் காலையில் சோதனைச் செய்தி அனுப்புவதில் சிரிப்பு வரவில்லை.

அடுத்த முறை புதுப்பிக்கும்போது விற்றவர்கள் குறைந்தபட்சத்தை இருபத்தைந்தாக ஏற்றிவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பணிப்பாளர் பாவம், சட்டத்துக்கு அடங்கிய மனிதராய், அப்படியென்றால் இன்னும் ஐந்து பேரை எடுக்க வேண்டுமா என்று சேரிடம் தானாகவே கேட்டார். ஆம் என்ற ஒரு சொல் போதும்; இன்னும் ஐந்து வீட்டில் விளக்கெரியும். சேரால் அது முடியவில்லை. ஒரு பொய்யைச் சுமந்தவருக்கு இரண்டாவதைத் தூக்கத் தெம்பில்லாமல் போயிற்று. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். பணிப்பாளர் ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டி, அந்தப் பந்தியை வாசித்து அர்த்தம் சொல் என்றார். சேரைப் பார்த்தேன். "வாசியும்" என்றார் மெதுவாக. வாசித்தேன். கடைசிச் சொல்வரை குரல் நடுங்காமல் வாசித்தேன், ஏனோ அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. இது உனக்கு முன்பே தெரியுமா என்று பணிப்பாளர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்குத் தெரியாது. சேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணிப்பாளருக்குக் கண் கலங்கியிருந்தது. பிள்ளைகள் வேலை பழகிவிட்டார்கள், அவர்கள் இருக்கட்டும், ஆனால் நீங்கள் இனி இங்கே இருக்க முடியாது என்று சேரிடம் சொன்னார். சேர் அதை மறுக்கவில்லை. நிம்மதி அடைந்த மாதிரிக்கூட இருந்தது.

யுத்தத்தில் பாதை மூடியிருந்தபடியால் கப்பலில்தான் யாழ்ப்பாணம் போனார் என்று கேள்விப்பட்டேன். அவர் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போன கம்பனி அட்டையைப் பார்த்தபோதுதான், வழியில் எத்தனை இடத்தில் அவரை இறக்கிக் கேட்பார்கள் என்பது எனக்கு உறைத்தது. என் கழுத்தில் என் அட்டை கிடந்தது. யுத்தம் முடிந்த பிறகு நம்பரைத் தேடிப்பிடித்து ஒருமுறை பேசினேன். எல்லோரும் வேலையில் இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். இருக்கிறோம் என்றேன். "சந்தோசம் பிள்ளை" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

இப்போது அவர் பார்த்த வேலையை நான் பார்க்கிறேன். பழைய பணிப்பாளரின் மகன்தான் இன்று பணிப்பாளர். பிள்ளைகளை ட்ரக்கில் ஏற்றுவதில்லை. அதற்காக ஹந்தானையில் வேலை கொட்டிக் கிடக்கவும் இல்லை. போன மாதம் லைசன்ஸ் புதுப்பித்தோம். குறைந்தபட்சம் ஐம்பது, பாவிப்பது முப்பத்துச் சொச்சம். மிச்சத்துக்கு ஆள் எடுக்க வேண்டிவருமா என்று மகனும் தகப்பனைப் போலவே கேட்டார். ஆம் என்ற அந்த ஒரு சொல் நாக்குவரை வந்தது. வாயைத் திறந்தேன். காசு கட்டினால் போதும் சேர், ஆட்கள் தேவையில்லை என்று சொன்னேன். எவ்வளவு நேர்மையாகச் சொல்கிறீர்கள் என்று பாராட்டினார்.

அந்தக் கிழமை ஹந்தானை லயத்திலிருந்து ஒரு பெண் போனில் கோல் எடுத்தாள். உயர்தரம் படித்துவிட்டு, கணினி வகுப்பும் முடித்துவிட்டு, இரண்டு வருடமாக அலைகிறாளாம். "மேடம், உங்க இடத்துல ஏதாச்சும் வேல இருக்குங்களா?" என்று கேட்டாள்.

திரையில் பெயர் போடாத இடங்கள் வரிசையாகத் தெரிந்தன.

"இப்ப ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அது பொய்யில்லை.